மரக்கறிக் கடைக்கு போஸ்ட்கிரெஸ்: நிறுவுவதையும் கண்காணிப்பதையும் ஸ்கிரிப்டில் போடுவது எப்படி?

கேள்வி: கந்தப்பளைப் பொடியன்

அண்ணாமார், அக்காமார், வணக்கம்.

கந்தப்பளையில் மரக்கறி வாங்கி ஏற்றுகிற ஒரு கடையில் கணக்கு வேலை பார்க்கிறேன். கரட், லீக்ஸ், கோவா, கிழங்கு எல்லாம் தராசில் போட்டு பில் அடித்து, இரவு லொறியில் தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் அனுப்புகிறோம். விதைக்கும் உரத்துக்கும் முற்பணம் கொடுத்துப் பிறகு பில்லில் கழிப்பதும் உண்டு. ஒரு நாள் கணக்கு தொலைந்தால் யார் எவ்வளவு வாங்கினார் என்று சண்டையே வந்துவிடும்.

எல்லாம் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் ஓடுகிறது. இயங்குதளம் உபுண்டு 22.04, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 14. தராசடியில் ஒரு லேப்டாப், காசு மேசையில் ஒன்று, இரண்டும் அதோடுதான் பேசும். நிறுவித் தந்தவர் கத்தாருக்குப் போய்விட்டார். கேட்டால் பதில் போடுவார், ஆனால் என்னென்ன செய்தார் என்று அவருக்கே இப்போது ஞாபகம் இல்லை. முதலாளி ராகலையில் ஒரு கிளை திறக்கிறார், புது மெஷினும் வாங்கிவிட்டார். அதே மாதிரி அங்கேயும் போட வேண்டும்.

நான் கேட்பது மூன்று. கையால் செய்யாமல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) நிறுவ லினக்ஸின் பாஷ் கட்டளை மொழி போதுமா, பல மெஷின்களை ஒரே மாதிரி அமைக்கும் ஆன்சிபிள் படிக்க வேண்டுமா? நான் கடையில் இல்லாத நேரம் டேட்டாபேஸ் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சில நேரம் காசு மேசையின் ஸ்கிரீன் அப்படியே நின்றுபோய், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது. அது ஏன்?

மழை வந்தால் இங்கே கரண்ட் போகும், யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். பேக்அப் இரவு 2 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் க்ரானில் ஓடும் என்று கத்தார் அண்ணன் சொன்னார். லொறி போனதும், இடி மின்னலுக்குப் பயந்து, முதலாளி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கடையைப் பூட்டுவார். இது முக்கியமா தெரியாது, சும்மா சொல்லி வைக்கிறேன்.

பதில்: குளிர்காற்று

இவ்வளவு தலையிடி எதற்கு? கிளவுடில் ஒரு டேட்டாபேஸ் எடுங்கள். பேக்அப், மொனிட்டரிங் எல்லாம் அவர்களே பார்ப்பார்கள். மாதக் கட்டணம் டொலரில் வரும், அவ்வளவுதான்.

பதில்: டிக்கோயா அண்ணன்

குளிர்காற்று சொல்வது நெட் ஒழுங்காக இருக்கும் இடத்துக்குச் சரி. பின்னேர மழையில் சிக்னல் போனால் தராசு நிற்கும், லொறி நிற்காது. டேட்டாபேஸ் கடையிலேயே இருக்கட்டும்.

போனில் அடிக்கிறேன் தம்பி, கட்டளைகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். பார்த்து மாற்றி அடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சும்மா சொன்னதுதான் முக்கியம். பேக்அப் இரவு 2 மணிக்கு. லொறி போனதும் மெயின் சுவிட்ச் ஆஃப். அப்படியென்றால் அந்த பேக்அப் எப்போது ஓடுகிறது? க்ரானுக்குத் தவறிய நேரம் தவறியதுதான். ஒரு சத்தமும் வராது. முதல் வேலையாகப் போய் பேக்அப் கோப்புகளின் தேதியைப் பாருங்கள். பிறகு உபுண்டுவிலேயே இருக்கும் சிஸ்டம்டி டைமருக்கு மாறுங்கள். அதில் 'பெர்சிஸ்டன்ட்' என்ற வரியை 'ட்ரூ' ஆக்கினால், தவறிய வேலையை மெஷின் எழுந்ததும் செய்துவிடும். அதோடு நிற்காமல், லொறி ஏற்றி முடியும் நேரத்தில், முதலாளி சுவிட்சில் கை வைக்குமுன் ஒன்று எடுங்கள். போஸ்ட்கிரெஸின் பேக்அப் கட்டளையான பிஜி_டம்ப் ஓடும்போது பில் அடிப்பது நிற்காது. தொடங்கிய நொடியில் இருந்த நிலையைத்தான் அது எடுக்கும். டேபிளின் அமைப்பை மாற்றுவது, ட்ரன்கேட் செய்வது (டேபிளை முழுதாகக் காலி செய்வது) போன்ற வேலைகளோடு மட்டும்தான் மோதும்.

நான் ஹட்டன் பக்கம் கடை, பார்மசி என்று கொம்பியூட்டர் பார்ப்பவன். ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், பேக்அப் ஃபோல்டரைத் திறந்து காட்டினார்கள். தேதி வரிசை தப்பாமல் கோப்புகள். அளவைப் பார்த்தால் கடைசி மாதக் கோப்பு ஒவ்வொன்றும் 20 பைட். டம்ப்பை பைப் வழியாக, அதாவது ஒரு கட்டளை தருவதை நேரே அடுத்ததற்கு ஊட்டி, கோப்பைச் சுருக்கும் ஜிஸிப்புக்கு விட்டிருந்தார்கள். யாரோ பாஸ்வேர்டை மாற்றியதும் டம்ப் தோற்றுவிட்டது. ஜிஸிப்போ, வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி 'வேலை முடிந்தது' என்று சொல்லிவிட்டது. ஒன்றுமில்லாததை ஜிஸிப் சுருக்கினாலும் 20 பைட் வரும். பைப்பில் கடைசிக் கட்டளை ஜெயித்தால் முழுவதும் ஜெயித்ததாகத்தான் பாஷ் எடுத்துக்கொள்ளும். அதனால் நடுவில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்ல வைக்கும் 'பைப்ஃபெயில்' ஸ்கிரிப்டின் தலையில் கட்டாயம். இன்னும் லேசான வழி, ஜிஸிப்பையே விட்டுவிட்டு டம்ப்பின் 'கஸ்டம்' வடிவத்தில் எடுப்பது. அதுவே சுருக்கிக்கொள்ளும், திருப்பிப் போடும்போது வேண்டிய டேபிளை மட்டும் எடுக்கவும் முடியும். பயனர்களும் அவர்களுடைய பாஸ்வேர்டுகளும் பிஜி_டம்ப்பில் வராது. அவற்றுக்கு பிஜி_டம்ப்ஆல் கட்டளையை 'குளோபல்ஸ் ஒன்லி' போட்டு ஓட்ட வேண்டும். ராகலையில் திருப்பிப் போட்டுப் பார்க்கும் அன்று இதன் அருமை தெரியும்.

நிறுவுவதற்கு, இரண்டு மெஷினுக்கு பாஷ் தாராளம். ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினாலும் ஒன்றும் கெடக்கூடாது, அதுதான் கணக்கு. டேபிளுக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (இல்லையென்றால் மட்டும் உருவாக்கு) இருக்கிறது. பயனருக்கும் டேட்டாபேஸுக்கும் போஸ்ட்கிரெஸில் அது இல்லை. பிஜி_டேட்டாபேஸ், பிஜி_ரோல்ஸ் என்ற உள் பட்டியல்கள் இரண்டிலும் தேடிப் பார்த்து, இல்லையென்றால் மட்டும் உருவாக்க வேண்டும். டேட்டாபேஸ் கட்டளைகளை ஓட்டும் பிஎஸ்க்யூஎல்லுக்கு ஒரு கோப்பைக் கொடுத்தால், நடுவில் பிழை வந்தாலும் அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். 'ஆன் எரர் ஸ்டாப்' என்ற மாறியை 1 ஆக்கி, முழுக்கோப்பையும், எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்கிற மாதிரி, ஒரே டிரான்ஸாக்‌ஷனில் ஓட்டச் சொல்லுங்கள். டேபிள் மாற்றங்களை 001, 002 என்று எண் போட்ட கோப்புகளாக வைத்து, எது ஓடியது என்பதை ஒரு சின்ன டேபிளில் குறித்துக்கொண்டால் கத்தாருக்கு மெசேஜ் போட வேண்டி வராது.

வெர்ஷனைக் கவனியுங்கள். உபுண்டு 22.04 தருவது 14, 24.04 தருவது 16. பழையதில் எடுத்ததைப் புதியதில் போடலாம். புதியதில் எடுத்ததைப் பழையதில் போடப் போனால் பாதியில் சிக்கும். 14க்கான ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது. எனவே ராகலையில் 16 போட்டு, கந்தப்பளையையும் அதற்கே ஏற்றிவிடுங்கள்.

கரண்ட் விஷயம். வேகமாக ஓடுவதற்கு, எழுதியதை டிஸ்கில் உறுதியாகப் பதிய வைக்கும் 'எஃப்சிங்க்'கை அணைக்கச் சொல்லி யூடியூபில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் ஊரில் அதைத் தொடவே கூடாது. கரண்ட் போகும் நொடியில் டேட்டாபேஸே சிதையக்கூடும். வேகம் வேண்டுமென்றால், பதிவு டிஸ்கில் ஏறும்வரை காத்திருக்க வைக்கும் 'சிங்க்ரோனஸ் கமிட்'டை அணைக்கலாம். அதில் கடைசி ஒரு நொடிக்கும் குறைந்த பதிவுகள் போகலாமே தவிர உள்ளே எதுவும் உடையாது. காசுக் கடையில் நான் அதையும் செய்யமாட்டேன். யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி வயர் வைக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். 'நட்' என்ற இலவச மென்பொருள் அந்த வயர் வழியாக பேட்டரியைப் பார்த்து, இறங்கும்போது மெஷினை ஒழுங்காக மூடும். வயர் இல்லாத யூபிஎஸ் சாவதை வெறும் நிமிடக் கணக்கில் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இனிக் கண்காணிப்பு. எல்லோரும் செய்வது, பிழை வந்தால் மெஷின் போனுக்குச் செய்தி அனுப்பும் என்று வைப்பது. கரண்ட் போய், ரவுட்டரும் போன பிறகு அந்தச் செய்தியை யார் அனுப்புவது? செய்தி வராத நாளெல்லாம் நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் இதைத் தலைகீழாக வைப்பேன். எல்லாம் சரியென்றால் மட்டும் ஸ்கிரிப்ட் வெளியே ஒரு இணைய முகவரியைத் தட்ட வேண்டும். தட்டல் வராவிட்டால் வெளியே இருப்பவன் உங்களை எழுப்ப வேண்டும். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதற்கென்றே இருக்கின்றன, சின்ன அளவுக்குக் காசு இல்லை. கடை திறக்கும் நேரம், லொறி முடியும் நேரம், இரண்டுக்கும் ஒவ்வொன்று போதும்.

அந்தத் தட்டலுக்கு முன் எதையெதைப் பார்ப்பது? பிஜி_இஸ்ரெடி 'தயார்' என்பதை மட்டும் நம்பவேண்டாம். கதவு திறந்திருக்கிறது என்பதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. கடைசித் தராசுப் பதிவு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பின்னேரம் கரட் குவிகிற நேரத்தில் ஒரு மணித்தியாலமாகப் பதிவே இல்லையென்றால் ஏதோ பிழை. கடைசி பேக்அப்பின் வயதும், நேற்றையதை விட அளவு குறைந்ததா என்பதும். டிஸ்கில் மீதி இடம். இவ்வளவு பார்த்தால் ஓரளவு நிம்மதி. வாரம் ஒரு முறை பேக்அப்பை ராகலை மெஷினில் வேறு பெயரில் திருப்பிப் போட்டு, பில் எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிடவும் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். கண்காணிக்கும் பயனருக்கு எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் தேவையில்லை, 'பிஜி_மொனிட்டர்' என்ற ரோலையும் தராசு, பில் டேபிள்களைப் படிக்கும் உரிமையையும் கொடுத்தால் போதும். பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதாமல் பிஜிபாஸ் கோப்பில் வையுங்கள். அதன் அனுமதி 0600ஐ (சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத) விடத் தளர்வாக இருந்தால் அந்தக் கோப்பு கணக்கில் எடுபடாது.

2025 நவம்பரில் டித்வா புயல் நேரம் பாதை, கரண்ட், சிக்னல் எல்லாம் ஒன்றாகப் போனதைப் பார்த்தோம். ஒரு பிரதி பென் டிரைவில், பாஸ்வேர்ட் போட்டு, முதலாளியோடு வீட்டுக்குப் போகட்டும். இன்னொன்று நெட் வரும்போது வெளியே போகட்டும்.

ஸ்கிரீன் நிற்பது பூட்டுப் பிரச்சினை மாதிரித் தெரிகிறது, அதாவது ஒருவர் பிடித்திருக்கும் வரிக்கு இன்னொருவர் காத்திருப்பது. அடுத்த முறை நிற்கும்போது யார் என்ன செய்கிறார் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பாருங்கள். 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று, தொடங்கிய வேலையை முடிக்காமல் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷன் யார் யாரைத் தடுக்கிறார் என்று சொல்லும்.

பதில்: ஊவாக்காரி

டிக்கோயா அண்ணா நிறுவுவதில் ஒன்றைத் தொடவில்லை. விவசாயிகளின் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா? உபுண்டுவில் லோக்கேல் (மொழி அமைப்பு) அமைக்காமல் போஸ்ட்கிரெஸ் போட்டால் என்கோடிங் (எழுத்துக் குறியாக்கம்) 'எஸ்க்யூஎல் ஆஸ்கி' ஆக நின்றுவிடும். எது வந்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும், பிறகு எழுத்து எண்ணுவதும் தேடுவதும் தப்பாகும். ஸ்கிரிப்டில் டெம்ப்ளேட்0 என்ற வெற்று அச்சை அடிப்படையாக வைத்து, யூடிஎஃப்8 என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று தமிழுக்கே உரியது. 'கோபால்' என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. டேட்டாபேஸுக்கு இரண்டு ஆட்கள். தராசடி லேப்டாப்பில் ஒரு கீபோர்டும் காசு மேசையில் வேறொன்றும் இருந்தால், ஒரே மனிதரின் முற்பணம் ஒரு கணக்கிலும் பில் இன்னொரு கணக்கிலும் கிடக்கும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. உள்ளே போகும்போதே அதில் ஒரு தடவை போட்டு எடுங்கள். மாறுபட்ட வடிவத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணுவதையும் தினசரிச் சோதனையில் சேர்க்கலாம். நான் அந்தச் சோதனைகளைப் பைதானில்தான் எழுதுவேன், போஸ்ட்கிரெஸோடு பேசும் சைக்கோபிஜி வைத்து. பாஷில் நாலு கேள்விக்கு மேல் போனால் மேற்கோள் குறிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். நிறுவுவதற்கு ஆன்சிபிள் இப்போது வேண்டாம், மூன்றாவது கிளை வரட்டும்.

பதில்: கந்தப்பளைப் பொடியன்

எல்லோருக்கும் நன்றி. ஃபோல்டரைப் பார்த்தேன். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் விடியவிடிய லொறி ஏற்றிய நாட்களுக்கு மட்டும்தான் பேக்அப் இருக்கிறது! நேற்று முதலாளியை நிற்க வைத்து ஒன்று கையால் எடுத்துவிட்டேன், டைமரும் போட்டாயிற்று.

ஸ்கிரீன் நின்றதையும் பிடித்தேன். தராசடி லேப்டாப்தான் 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்'. ஒருவருக்குப் பில் திறந்துவிட்டு, நிறுப்பவர் கரட் கழுவும் தொட்டிப் பக்கம் போயிருக்கிறார். அதே ஆள் காசு மேசைக்கு முற்பணம் கேட்டு வந்து நிற்கிறார். 'ஐடில்' நேரத்துக்கு எல்லை வைக்கலாம் என்று படித்தேன். எவ்வளவு வைப்பது? வைத்தால் பாதிப் பில் போய்விடுமா?

பதில்: டிக்கோயா அண்ணன்

போகும். எல்லை தாண்டினால் அந்த இணைப்பையே வெட்டிவிடும், சேமிக்காத வரிகள் திரும்பிவிடும். அதனால் முழு டேட்டாபேஸுக்கும் வைக்காமல், பயனரின் அமைப்பை மாற்றும் 'ஆல்டர் ரோல்' போட்டுத் தராசடிப் பயனருக்கு மட்டும் 10 நிமிடம் வையுங்கள். காசு மேசைப் பயனருக்கு 'லாக் டைம்அவுட்', அதாவது பூட்டுக்குக் காத்திருக்கும் எல்லை, 15 விநாடி. அப்போது ஸ்கிரீன் மௌனமாக நிற்காமல் பிழை காட்டும், காசு கொடுப்பவர் தராசடிக்கு ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது.

நிரந்தரமாகச் சரிசெய்ய புரோகிராமைத்தான் மாற்ற வேண்டும். பில்லைத் திறக்கும்போதே முற்பண வரியைப் பூட்டாமல், ஒவ்வொரு நிறுவையையும் வந்தவுடன் கமிட் செய்து (நிரந்தரமாகச் சேமித்து), முற்பணத்தைக் கடைசியில் பில்லை மூடும்போது மட்டும் பூட்டிக் கழிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்துக் கோட் உங்களிடம் இருந்தால் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.