தறிச் சத்தத்துக்கும் பஸ் சத்தத்துக்கும் நடுவே பேஸ்: எந்த ஹெட்போன் வாங்கலாம்?

சோமனூர் பையன்:
வணக்கமுங்க. தினமும் சோமனூரிலிருந்து கோவை காந்திபுரம் வரை பஸ் பயணம். வீட்டுக்கு வந்தால் பக்கத்துச் சுவரே தறிக்கூடம்தான். ரெண்டு இடத்திலும் பாட்டு கேட்க வயர் இல்லாத, வெளிச்சத்தத்தை அமுக்குகிற நாய்ஸ் கேன்சலிங் (ஏஎன்சி) உள்ள ஹெட்போன் தேடுகிறேன். பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த ஒலி, இடி மாதிரி விழ வேண்டும். பட்ஜெட் 17,000 ரூபாய். சோனி அல்ட் வேர் வாங்கலாம் என்று நினைக்கிறேன். கண்ணாடி போடுகிறவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈரோட்டு மஞ்சள்:
யோசிக்காமல் வாங்குங்க தம்பி. 2024-ல் வந்த மாடல், ஒலி எழுப்புகிற ட்ரைவர் 40 மில்லிமீட்டர். பேஸைக் கூட்டுவதற்கென்றே தனிப் பட்டன், அதில் ரெண்டு நிலை. ஏஎன்சி போட்டபடியே 30 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி. நீங்கள் கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது.

பல்லடம் தறி:
யோசித்தே வாங்கு தம்பி. ஏஎன்சி என்பது என்ன? வெளிச்சத்தத்தை மைக் பிடிக்கும், அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அமுக்கும். ஒரே சீராக உறுமுகிற தாழ்ந்த சத்தத்தில் இது பலிக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3 மீட்டருக்கு மேல். 3,000 ஹெர்ட்ஸ் என்றால் 11 சென்டிமீட்டர்தான், துளி நேரம் தப்பினாலும் எதிரலை பொருந்தாது. நாடாத் தறியின் சத்தம் எது? ‘சடக் சடக்’ என்று வெட்டி வெட்டி வருகிறது. கூடத்து மோட்டார் இரைச்சல் அடங்கும், அந்தச் சடக் முன்னைவிடத் துலக்கமாகக் காதில் விழும். அதைத் தடுப்பது காதை இறுக்கி மூடுகிற மெத்தைதான். ஏஎன்சி இல்லாத, நன்றாக மூடுகிற ஹெட்போன் பாதி விலைக்கு வரும். பேஸும் குறையாது.

ஈரோட்டு மஞ்சள்:
அண்ணா, நீங்கள் தறிக்கூடத்துக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். தம்பி பஸ்ஸையும் சொல்லியிருக்கிறார். டீசல் இன்ஜின் உறுமலும் பேஸும் ஒரே தாழ்ந்த பகுதியில்தான் இருக்கின்றன. உறுமல் பேஸை விழுங்கிவிடுகிறது, அதனால்தான் பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் வால்யூமைக் கூட்டுகிறார்கள். உறுமலை ஏஎன்சி எடுத்துவிட்டால் குறைந்த வால்யூமிலேயே பேஸ் முழுசாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. 90 என்றால் அது 4 மணி நேரமாகச் சுருங்குகிறது. தினமும் பஸ்ஸில் வால்யூமைத் தூக்கினால் அந்த 4 மணி நேரம் எத்தனை நாளைக்கு வரும்?

பொள்ளாச்சி இளநீர்:
எந்த பஸ் என்று முதலில் சொல்லுங்க. நம்ம பக்கத்துத் தனியார் பஸ்ஸில் சீட்டுக்கடியில் வூஃபர் வைத்திருக்கிறார்கள். 17,000 மிச்சம், பேஸ் இலவசம்.

ஓவர்லாக்:
பொள்ளாச்சி அண்ணா சிரிக்கச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. அந்தப் பாட்டில் குரலும் ஜால்ராவும் ஏஎன்சிக்கு அடங்காது.

நான் திருப்பூர், பனியன் கம்பெனி. ரெண்டு பேரும் காதை மூடுகிற பெரிய ஹெட்போனையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத பஸ்ஸில் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வியர்வையில் ஊறி ஊறி என் பழைய ஹெட்போனின் மெத்தைத் தோல் சருகாக உதிர்ந்தது. மாற்று மெத்தை கேட்டால் ஸ்டாக் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அதைவிட முக்கியம் தம்பியின் கண்ணாடி. காதுக்கு மேல் போகிற கம்பி மெத்தையைத் தூக்கிவிடும். அந்தச் சின்ன இடைவெளி போதும், பேஸ் வெளியே போய்விடும், ஏஎன்சியும் பாதியாகும். ஃபோம் முனை வைத்த இயர்பட்ஸ் வாங்குங்க. காதுக்குள் பொருந்தி அடைக்கும், தறியின் சடக்கும் கொஞ்சம் மட்டுப்படும்.

ஈரோட்டு மஞ்சள்:
இயர்பட்ஸில் 30 மணி நேரம் கிடைக்குமா அக்கா? சார்ஜ் ஏறப் பெட்டிக்குள் போட்டுப் போட்டு எடுக்க வேண்டும். காதுக்குள் அழுத்தும். ஒன்று சீட்டுக்கடியில் உருண்டால் போச்சு.

ஓவர்லாக்:
உருண்டால் எடுத்துக்கொள்ளலாம். பேஸ் ஒழுகினால் எதை வைத்து அடைப்பீர்கள்?

பல்லடம் தறி:
இன்னொன்று. ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று நேராக மைக்கில் அடிக்கும். அந்த ‘புஸ் புஸ்’ஸையும் ஏஎன்சி சில நேரம் காதுக்குள் கொண்டுவரும். எங்கள் பக்கத்து ஆடிக்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, காத்தாடிக் கோபுரங்களை நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான்.

சோமனூர் பையன்:
பஸ்ஸில் நடுவில் உட்கார்ந்துகொள்கிறேனுங்க. அப்பாவுக்கு உதவியாகச் சில நேரம் தறிக்கூடத்துக்குள்ளும் போவேன். அப்போதும் இதையே போடலாமா?

பல்லடம் தறி:
வேண்டவே வேண்டாம். பாட்டு கேட்கிற ஹெட்போனைக் காதுப் பாதுகாப்புக்கென்று சோதித்து, இத்தனை டெசிபல் குறைக்கும் என்று சான்று கொடுப்பதில்லை. கூடத்துக்குள் இயர் பிளக் போடு, இல்லையென்றால் தொழிற்சாலைக்கென்று விற்கிற காதுக் கவசம். அந்தச் சத்தத்துக்கு மேல் பாட்டு வேறு வைத்தால் ரெண்டும் சேர்ந்து காதைத் தின்னும். நாடா நூல் அறுத்துக்கொண்டு ஓடினாலும் உனக்குத் தெரியாது.

ஈரோட்டு மஞ்சள்:
இதில் அண்ணா சொல்வதற்கு மறுபேச்சே இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு ஏஎன்சி வேண்டாம் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். அல்ட் வேர் 2024-ல் வந்தபோதே 16,990 ரூபாய்தான், பட்ஜெட்டுக்குள் அடங்குகிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் எல்டாக் கோடெக்கை ஆன் பண்ணிக்கொள்ளுங்க, ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்புகிற முறை அது. ஐபோனில் அது கிடையாது, ஏஏசி என்கிற வேறு முறைதான்.

சோமனூர் பையன்:
ஆண்ட்ராய்டுதானுங்க. சனிக்கிழமை கிராஸ்கட் ரோட்டில் கடை கடையாக ஏறி, கண்ணாடியைக் கழற்றாமல் ரெண்டு வகையையும் போட்டுப் பார்க்கிறேன்.

ஈரோட்டு மஞ்சள்:
கடை அமைதியாக இருந்தால் ஏஎன்சியின் அருமை தெரியாது. ஏசி இரைகிற பக்கமாக நின்று, ஏஎன்சியை ஆன், ஆஃப் பண்ணிப் பாருங்க.

பல்லடம் தறி:
அப்படியே கடைப் பையனைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படபடவென்று கைதட்டச் சொல்லு. உன் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் அதுதான் இருக்கிறது.