தனியாக லே வரை பைக் பயணம்: எந்த வழியாக ஏறுவது, எதற்குத் தயாராக இருப்பது?

கேள்வி: சேலத்து ஹிமாலயன்

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் முதல் வாரத்தில் சேலத்திலிருந்து லடாக்கிலுள்ள லே வரை பைக்கில் சென்று வரத் திட்டமிட்டிருக்கிறேன். வண்டி ஹிமாலயன் 411. கூட வருவதாக இருந்த நண்பருக்கு விடுப்பு கிடைக்காததால் தனியாகத்தான் போகவேண்டும். வால்பாறை, கூர்க், மூணாறு என்று மலைப்பாதைகளில் ஓட்டிய பழக்கம் உண்டு. ஆனால் இவ்வளவு தொலைவும் உயரமும் புதிது. டெல்லி வரை தேசிய நெடுஞ்சாலை 44, பிறகு மணாலி வழியாக ஏறி, ஸ்ரீநகர் வழியாக இறங்குவது என்பது இப்போதைய எண்ணம். இந்த வழி சரிதானா? நடுவழியில் உடம்புக்கோ வண்டிக்கோ ஏதாவது ஆகிவிட்டால், தனியாக இருப்பவன் என்ன செய்வது? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மலைவழி

வழியை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜி லா கணவாயைக் கடந்தாலும், இரவு தங்கும் கார்கில் 2,700 மீட்டருக்கும் கீழேதான். மறுநாள் நமிக்கா லா, ஃபோட்டு லா ஆகிய கணவாய்களை ஏறி இறங்கி, 3,500 மீட்டரிலுள்ள லேயை அடையும்போது உடம்பு ஓரளவுக்குப் பழகியிருக்கும். மணாலிப் பக்கம் நிலைமை வேறு. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு ரோதாங் கணவாயில் சுற்றவேண்டிய தேவை போய்விட்டதால், காலையில் மணாலியில் கிளம்பியவர் மாலைக்குள் 4,290 மீட்டரில், லே போகும் வழியிலுள்ள சர்ச்சு என்ற கூடாரத் தங்கலுக்கே போய்விட முடிகிறது. நேரம் மிச்சமானது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிப் படுத்தால் தலைவலியும் குமட்டலும் இல்லாமல் அந்த இரவு கழிவது அரிது. சர்ச்சு கூடாரங்களில் விடியவிடியத் தூங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

தனியாகப் போகிறவருக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. ஏஎம்எஸ் என்று எல்லோரும் சொல்லும் உயர்மலைச் சுகவீனம் முற்றும்போது, தலைவலியோடு நிதானமும் தடுமாறத் தொடங்கும். கூட ஒருவர் இருந்தால் உங்கள் பேச்சு குளறுவதையோ நடை தள்ளாடுவதையோ அவர் கவனித்துவிடுவார். தனியாக இருப்பவர், "இன்னும் ஒரு கணவாய்தானே, போய்விடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆகவே முடிவுகளைச் சேலத்திலேயே எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி இருந்தால் அதற்கு மேல் ஏறுவதில்லை. ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் இறங்குவது. மாலை நான்கு மணிக்குப் பிறகு எந்தக் கணவாயையும் தொடங்குவதில்லை. அந்தத் தாளை டேங்க் பையின் மேலுறையில் கண்ணில் படும்படி வைத்தேன். தங்லங் லா கணவாய்க்குக் கீழே, மாலை வெயில் நன்றாக இருந்த ஒரு நாளில், என்னைப் பாங் என்ற இடத்திலேயே தங்கவைத்தது அந்தத் தாள்தான். இந்தச் சுகவீனத்தைத் தடுக்க எடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரையை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பதில் 2: நாக்பூர் வழிப்போக்கன்

மலையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதற்கு முன்னால் டெல்லி வரைக்குமான ஏறக்குறைய 2,300 கிலோமீட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் நான்கு வழிச்சாலை, இரு சக்கர வண்டிக்குச் சுங்கமும் இல்லை. ஆனால் அலுப்பும் தூக்கமும் ஆளைச் சாய்ப்பது இங்கேதான். நாளொன்றுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் பைக்குகளுக்கு அனுமதி கிடையாது என்பதை மனத்தில் கொண்டு, அதிகாலையிலேயே ஊரைக் கடக்கும்படி முந்தைய இரவுத் தங்கலை அமைத்துக்கொள்ளுங்கள். நாக்பூரைத் தாண்டியதும் பென்ச் காட்டுப் பகுதியில் விலங்குகள் கீழே கடந்து போவதற்காகவே சாலையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதியைப் பகலில் ஓட்டுவது கண்ணுக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது.

செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் (மசகு) அடித்துவிடுங்கள், மழையில் ஓட்டிய நாளென்றால் அன்றிரவே. டெல்லியிலோ சண்டிகரிலோ ஒரு நாள் நிறுத்தி பிரேக் பேட், செயின் தொய்வு, ஸ்போக் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் மலையேற வேண்டும். இன்னொன்று: நம்மூரில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் எடுக்காது. இப்போதே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: சேலத்து ஹிமாலயன்

இருவருக்கும் மிக்க நன்றி. வழியை மாற்றிவிட்டேன், ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குகிறேன். அப்படியானால் சாலையைக் கடந்து ஓடும் நீரோடைகளை இறங்கும்போது சந்திப்பேன் அல்லவா? வண்டி சாய்ந்துவிட்டால் சுமையோடு தனியாகத் தூக்க முடியுமா? பெட்ரோல் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 3: பழைய புல்லட்

தம்பி, நீங்கள் இறங்கிவரும் திசை ஓடைகளுக்கும் தோதானது. பனி உருகிவரும் தண்ணீர் என்பதால் வெயில் ஏற ஏற அளவு கூடும். காலையில் கணுக்கால் அளவு ஓடியது பிற்பகலில் முழங்காலைத் தொடும். லேயில் சில நாள் இருந்து உடம்பு பழகிவிட்டபடியால் சர்ச்சுவில் நீங்கள் தாராளமாகத் தங்கலாம். விடியலில் புறப்பட்டு பாரலாச்சா லாவைத் தாண்டினால், ஜிங்ஜிங்பார் பக்கத்து ஓடைகளை வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடலாம். ஓடையருகே வந்ததும் அவசரப்படாமல் நின்று, ஒரு லாரியோ ஜீப்போ எந்தத் தடத்தில் போகிறது என்று பாருங்கள். முதல் கியர், சீரான த்ராட்டில், கிளட்சைத் தொடாமல், பார்வை அக்கரையில் இருக்கட்டும். கரையேறியதும் இரண்டு பிரேக்கையும் மெதுவாக அழுத்தி ஈரத்தை உலர்த்துங்கள். காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டி பூட்ஸ் போடுவது பார்க்க அசிங்கமாக இருக்கும். அந்த உயரத்தில் நனைந்த பாதத்தோடு இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு யாரும் அழகு பார்ப்பதில்லை.

உங்கள் வண்டி ஏறக்குறைய 200 கிலோ. சாய்ந்தால் முதலில் கில் சுவிட்சால் எஞ்சினை அணைத்து, பையை அவிழ்த்துவிடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை நீட்டி, உருளாதபடி கியரில் விடுங்கள். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாயும். பிறகு சீட்டில் இடுப்பை ஒட்டி, வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, பாதத்தை ஊன்றிச் சிறு சிறு அடியாகப் பின்னால் தள்ளுங்கள். வேலை தொடைக்கு, இடுப்புக்கு அல்ல. கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் பழைய மெத்தையை விரித்து இதைப் பழகிப் பாருங்கள். ஆனால் தங்லங் லா போல 5,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவுதான். அங்கே ஒருமுறை முயன்றதுமே மூச்சு வாங்கும். அடுத்து வரும் லாரிக்குக் காத்திருப்பதில் வெட்கம் வேண்டாம். அந்தச் சாலையில் ஓட்டுநர்கள் நிறுத்தாமல் போவது அபூர்வம்.

லேயை விட்டுக் கிளம்பும்போது காரு என்ற ஊரில் டேங்க்கை நிரப்பிவிடுங்கள். அடுத்த பங்க் தாண்டி என்ற ஊரில். இடையில் 300 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. உங்கள் 15 லிட்டர் டேங்க் கணக்குப்படி போதும் என்றாலும், முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து போகும் இடங்கள் அதிகம் என்பதால் நான்கைந்து லிட்டர் தனியாக வைத்திருங்கள்.

பதில் 4: மலைவழி

பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லை என்றால் தயங்காமல் போய்க் கேட்கலாம். பாங்கோங் ஏரி, நுப்ரா பள்ளத்தாக்குப் பக்கம் போவதாக இருந்தால் அனுமதிச் சீட்டு தேவையா என்று முன்பே விசாரித்து, தேவையென்றால் எடுத்து, நகல்களைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளட்ச் கேபிளைப் புதிதாக வாங்கி, இப்போதைய கேபிளை ஒட்டியே கட்டிக்கொண்டு போங்கள். அறுந்தால் முனைகளை மாற்றினால் போதும், டேங்க்கைக் கழற்றவேண்டி வராது.