புதுப்பிப்பு: மதுரையில பேசிக் தையல் கிளாஸா, நேரா பிளவுஸ் கிளாஸா?

மெஷின் மிதிக்க வரும், நேர் தையல் வரும், பேசிக்ல சேரணுமா நேரா பிளவுஸ் கிளாஸ் போகலாமான்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. "ஒரு தலகாணி உறை தச்சு டீச்சர்ட்ட காட்டுங்க, அவங்களே லெவல் சொல்லிருவாங்க"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க, அதுதான் கைகொடுத்துச்சு. டீச்சர் தையல உள்பக்கம் திருப்பிப் பார்த்துட்டு பேசிக் வேணாம், நடு லெவல்ல உக்காருங்கன்னுட்டாங்க. அங்க பாவாடை, சுடிதார் டாப், அப்புறந்தான் லைனிங் பிளவுஸ்.

நான் எதிர்பார்க்காதது, தைக்கிறத விட வெட்டப் பழகத்தான் நேரம் போகுது, பேப்பர்ல கைக்குழி (கை வந்து சேர்ற வளைவு) சரியா வந்தப்புறம்தான் துணியத் தொட விடுறாங்க, அது ரொம்ப நல்ல பழக்கம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைங்கள்ல காட்டன் லைனிங் வாங்கினா வெட்டுறதுக்கு முன்னாடியே தண்ணில நனைச்சு காயவச்சுருங்க, இல்லாட்டி துவைச்சதும் சுருங்கி பிளவுஸ் இழுத்துக்கும். பிரின்சஸ் கட் (முன்பக்கத்த மேலருந்து கீழ வரைக்கும் நீளவாக்குல வெட்டிச் சேர்த்துத் தைக்கிற பிளவுஸ் மாடல்) அடுத்த லெவல்லதானாம்.