பொய்ப் பகடை ஆட சிரட்டைக் கப்: உள்ளே எதை ஒட்டலாம்?

மார்த்தாண்டத்தில் வீட்டில் ஆறு பேர் பொய்ப் பகடை ஆடுறோம். ஆளாளுக்குக் கப்பில் பகடையைக் குலுக்கிக் கவிழ்த்து மறைச்சு வச்சு, எல்லார்கிட்டயும் சேர்த்து ஒரு எண் எத்தனை இருக்கும்னு ஏத்தி ஏத்திக் கேட்கிற ஆட்டம்; நம்பாதவர் பொய்னு சொன்னா திறந்து எண்ணிப் பார்ப்போம். ஆளுக்கு 5 பகடை, 16 மி.மீ. அளவு, 1 விழுந்தா ஜோக்கர், அதை எந்த எண்ணாவும் எண்ணிக்கலாம். கப்பைக் கவிழ்த்தா பகடை ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு, இல்லேன்னா ஓரத்தில் சாய்ஞ்சு நிக்குது. 30 பகடையில் எந்த எண்ணும் ஜோக்கரோட சேர்த்து சராசரியா 10 வரும், கேட்கிறதும் அதைச் சுத்தித்தான். அப்போ சாய்ஞ்ச ஒரே பகடை யார் தோத்தாங்கன்னு மாத்திடுது. சாய்ஞ்சா திரும்பக் குலுக்கணும்னு விதி வச்சா ஆட்டம் இழுத்துக்கிட்டே போகுது.

எவர்சில்வர் டம்ளருக்கு வாய் 7 செ.மீ.தான், பகடை பரவ இடமில்லை, சத்தம் வேற. பிளாஸ்டிக் டப்பா வெளிச்சத்தில் உள்ளே காட்டிக் கொடுத்திடுது. கோரைப்பாயில் வரிக்கு நடுவுல பகடை மாட்டுது. தரையில் பெட்ஷீட்டை மடிச்சுப் போட்டதும் அது தீர்ந்தது.

இருக்கிறதுல சிரட்டைதான் நல்லது. கண்ணில்லாத பாதியை எடுத்து, விளிம்பை உப்புத்தாளில் சமமா தேய்ச்சாச்சு. கைக்கு அடக்கம், சத்தமும் கம்மி. ஆனா உள்ளே குழியா இருக்கிறதால குலுக்கும்போது அஞ்சும் நடுவுல குவிஞ்சு, அப்படியே கும்பலா விழுது. மெழுகு உருக்கி ஊத்தினோம், பகடை அடிச்சு அடிச்சு பெயர்ந்து வந்துடுச்சு.

சிரட்டைக்குள்ள அடியைத் தட்டையாக்க, அடிபட்டாலும் பெயராம நிக்கிற மாதிரி எதை ஒட்டலாம்?