புகையிரதக் கூவலும் இரட்டை ஒலிபெருக்கியும்: வன்னியில் நாம் கேட்டவை

மாங்குளம் வாசி:
உயர்தரத்தில் தொப்ளரின் விளைவை (ஒலி எழுப்புவதோ கேட்பவரோ நகரும்போது கேட்கும் சுருதி மாறுவதை) படித்த நாளிலிருந்து, புகையிரதம் நெருங்க நெருங்கக் கூவலின் சுருதி ஏறிக்கொண்டே போகும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். சென்ற மாதம் முறிகண்டிப் பக்கமுள்ள ஒரு கடவையில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து பார்த்தபோது அது பிழையென்று தெரிந்தது. கடவையைத் தாண்டியும் சாரதி கூவலை நிறுத்தாதது என் அதிர்ஷ்டம். ஏறியது சத்தம் மட்டுமே. கூவலின் கீழ்ச்சுரம் 424 ஹேட்ஸ் (செக்கனுக்கு 424 அதிர்வுகள்) அளவில் அசையாமல் நின்று, இயந்திரம் என்னைக் கடந்தபோது 378க்குச் சறுக்கியது. ரிஷபத்திலிருந்து சட்சத்துக்கு இறங்கினாற்போல் இருந்தது. அந்த இரண்டு எண்களோடு, நமது வெக்கையில் செக்கனுக்கு ஏறத்தாழ 348 மீற்றரான ஒலியின் கதியையும் சேர்த்தால், புகையிரதம் மணிக்கு 72 கிலோமீற்றரில் வந்தது என்று கணித்துவிடலாம். தண்டவாளத்திலிருந்து தள்ளி வயலுக்குள் நின்றால் சறுக்கல் நீளும். அங்கும் சுருதி இறங்குமே தவிர ஏறாது.

ஒட்டுசுட்டான் வாசி:
எனக்கு வாய்த்தது கோயில் திருவிழாவில். ஒலிபெருக்கிக்காரத் தம்பி 5 மீற்றர் இடைவெளியில் இரண்டு பெட்டிகளை வைத்து, 1000 ஹேட்ஸ் ஒற்றைச் சுரத்தை ஓடவிட்டிருந்தார். 20 மீற்றர் முன்னால், பெட்டிகளுக்குச் சமாந்தரமாக நான் நடந்தபோது, ஏறத்தாழ ஒன்றரை மீற்றருக்கு ஒருமுறை சத்தம் அமுங்கி மீண்டும் பெருகியது. இரு பெட்டிகளின் தூர வித்தியாசம் அரை அலைநீளமாகும் இடங்களில் ஓர் அலையின் நெருக்கமும் மற்றதன் ஐதாக்கமும் (காற்று நெருக்கம் குறைந்த பகுதியும்) ஒன்றையொன்று அழிக்கின்றன. நேர் நடுவில் சத்தம் பலமாக இருந்தது. ஆனால் தம்பி ஒரு பெட்டியின் இரண்டு வயர்களையும் இடம்மாற்றிக் கொழுவியதும் அந்த நடுவிடமே அமுங்கிப்போனது. தேவாரம் போட்டபோது இந்தக் குழி பெரிதாகத் தெரியவில்லை, ஏனெனில் பாட்டிலுள்ள ஒவ்வொரு மீடிறனுக்கும் (அதிர்வெண்ணுக்கும்) அமுங்கும் இடம் வேறு.

மாங்குளம் வாசி:
அண்ணை, உங்கள் நடைக்குள்ளும் தொப்ளர் இருக்கிறார். பக்கவாட்டில் நடக்கையில் ஒரு பெட்டியை ஒப்பிட மற்றதை நோக்கிச் சற்றுக் கூடுதலாகவே நகர்கிறீர்கள், செக்கனுக்கு 1.4 மீற்றர் நடந்தால் உங்கள் காதுக்கு வரும் இரு மீடிறன்களும் ஏறத்தாழ 1 ஹேட்ஸ் வேறுபடும். அதனால் செக்கனுக்கு ஓர் அடிப்பு, அதாவது சத்தம் ஒருமுறை பெருகி அமுங்குவது, கேட்கும். நின்று பார்ப்பவர் நீங்கள் தலையீட்டுக் கோலத்தை (இரு அலைகள் சேர்ந்து சத்தம் பெருகும், அமுங்கும் இடங்களின் வரிசையை) கடப்பதாகச் சொல்வார், நடக்கும் நீங்கள் அடிப்பு என்பீர்கள். இரண்டுக்கும் கணக்கு ஒன்றே.