தம்பிக்கு பைபோலார்: பினாங்கில் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? தைப்பூச விரதம் இருக்கலாமா?

பிறை_அக்கா கேட்கிறார்:

வணக்கம். நாங்கள் பிறையில் இருக்கிறோம். தம்பிக்கு 26 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். தீபாவளிக்கு முன்னால் இரவு ஷிஃப்டில் இருந்தபோது தூக்கம் போய்விட்டது. தூங்காமலும் சோர்வே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பான். யாரையும் கேட்காமல் தவணையில் இரண்டு மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டான். ஏதாவது சொன்னால் கத்தல். கடைசியில் மாமாவும் நானும் பேசிப் பேசி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறும் நோய் என்று சொல்லி, வார்டில் வைத்துப் பார்த்து, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது வீட்டில் ரொம்பவே அமைதியாக இருக்கிறான். அந்த அமைதியும் எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டர் நல்லவர். ஆனால் கிளினிக்கில் கூட்டம், பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அம்மாவுக்கு மலாயும் ஆங்கிலமும் அவ்வளவாக வராது. "தஞ்சோங் ரம்புத்தான் கேஸா?" என்று, மனநல மருத்துவமனை இருக்கும் அந்த ஊரின் பெயரைச் சொல்லிச் சொந்தக்காரர் ஒருவர் கேட்டதிலிருந்து அம்மா எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. தம்பி குணமாக வேண்டும் என்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி நேர்ந்திருக்கிறார். 48 நாள் விரதம், உப்பில்லாச் சாப்பாடு என்கிறார். இது சரிவருமா? இந்த நோயோடு எப்படி வாழ்வது என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்களா?

ஃபெரி_பயணி:

வணக்கம் சகோதரி. எனக்கும் பைபோலார்தான். இருபதுகளில் ஆரம்பித்தது, இப்போது நாற்பதை நெருங்குகிறேன். வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை எல்லாம் இருக்கிறது. இதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்.

தம்பியின் இப்போதைய அமைதிக்கு வருகிறேன். உச்சத்திலிருந்து இறங்கியபின் பலருக்கு மனச்சோர்வு வரும். செய்ததெல்லாம் நினைவுக்கு வரும், கடன் நோட்டீஸ் வரும், வெட்கம் பிடுங்கும். "வாழ்ந்து என்ன" என்ற மாதிரி ஏதாவது சொல்கிறானா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று முன்பு குடும்பங்கள் மறைப்பார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள். மறைக்க அவசியமில்லை.

அடுத்தது ஷிஃப்ட். இந்த நோய்க்குத் தூக்கம்தான் கடிவாளம். அது அறுந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே ஓடும். இரவு வேலை வேண்டாம் என்று டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். கடிதத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, "மருத்துவக் காரணத்தால் இரவு ஷிஃப்ட் கூடாது" என்று இருந்தாலே பேச்சைத் தொடங்கலாம். எனக்குப் பகல் வேலை மட்டும் என்று மாற்றிக் கொடுத்தார்கள். அலவன்ஸ் போனது, ஆனால் வார்டுக்குப் போவது குறைந்தது. வேலையே போய்விட்டாலும், அமைச்சின் மெந்தாரி மையங்களில் மனநோய் உள்ளவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்து, சேர்ந்தபின்னும் கூடவே நின்று உதவுகிறார்கள்.

மோட்டார் சைக்கிள் கடனுக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது, ஆலோசனை இலவசம். தம்பியைத் திட்டிக்கொண்டே கடன் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கற்றுக்கொள்ள பினாங்கிலேயே டி'ஹோம் என்ற மனநலச் சங்கம் இருக்கிறது, லாப நோக்கில்லாதது. நோயாளிகளுக்கும் கவனித்துக்கொள்பவர்களுக்கும் உதவுகிறார்கள். போகும் முன் போன் செய்து, தமிழ் பேசுபவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

செந்தூல்_அம்மா:

என் மகளுக்கு இந்த நோய். கோலாலம்பூரில் ஒரு ஆதரவுக் குழுவில் தொண்டூழியம் செய்கிறேன். இங்கே பக்கம் என்றால் மியாசா என்ற மனநல ஆதரவுச் சங்கம் இருக்கிறது. 2017இல் தொடங்கியது, நோயோடு வாழ்பவர்களே முன்னின்று நடத்துவது.

கூட்டத்துக்குப் போய் என்ன ஆகப்போகிறது, பேசிவிட்டு வருவதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் கோபமே வரும். பார்சலோனாவில் கொலோம், வியேட்டா என்ற இரு நிபுணர்கள் பைபோலார் உள்ள 120 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான மருந்து. பாதிப் பேருக்கு மட்டும் 21 குழு வகுப்பு: நோய் என்றால் என்ன, மருந்து எதற்கு, மறுபடி வருவதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது. வகுப்புக்கு வந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. 2003இல் வெளியிட்டார்கள், ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றது. மீதிப் பாதிப் பேர் குழுவாகக் கூடிச் சும்மா உட்கார்ந்து பேசினார்கள், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதைச் சொன்னார்கள். ஆகவே நீங்கள் தேடுவது ஆறுதலோடு நின்றுவிடாமல் பாடமும் சொல்லித்தரும் குழுவாக இருக்கட்டும்.

அதில் மிகப் பெரிய பாடம், முன்அறிகுறிப் பட்டியல். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. என் மகளுக்கு முதலில் வருவது வாட்ஸ்அப். இரவு ஒரு மணிக்குமேல் குடும்பக் குழுவில் நீளநீளமாக எழுத ஆரம்பிப்பாள். அப்புறம் பழைய தோழிகளுக்கெல்லாம் போன் பண்ணுவாள். அதற்கப்புறம்தான் சண்டை, செலவு. முதல் படியிலேயே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அவள் நன்றாக இருக்கும்போது அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். உங்கள் தம்பிக்கு அது பெயிண்டாக இருக்கலாம். அவன் கையாலேயே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது காவல் காப்பது போல ஆகிவிடும்.

ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) பற்றி யாராவது சொல்வார்கள். மனநோய்ப் பிரிவில் பதிய குறைந்தது இரண்டு ஆண்டு சிகிச்சை எடுத்திருக்க வேண்டும். ஆகவே இப்போதைக்கு அதை விடுங்கள்.

மருந்தாளர்_75:

நான் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். விரதக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது அவசரம்.

லித்தியம் எடுப்பவர் உப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வியர்த்தாலும் அதேதான். வழக்கமாக ரத்தத்தில் லித்தியம் அளவை லிட்டருக்கு 0.6இலிருந்து 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. இடைவெளி அவ்வளவு குறுகியது. கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனை.

உடம்பு வலிக்கு இபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், இரண்டும் லித்தியத்தை ஏற்றிவிடும். பாராசெட்டமால் பரவாயில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போகும் அன்று காலை மாத்திரையைப் பரிசோதனை முடிந்தபின் போடச் சொல்லுங்கள், கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும்.

நானும் தண்ணீர்மலைக்குப் போகிறவன்தான். சைவமாக இருக்கட்டும், வழக்கமான உப்போடு, நிறையத் தண்ணீரோடு. காவடி வேண்டாம், இந்த வருஷம் வேறு யாராவது அவன் பெயரில் பால்குடம் எடுக்கட்டும். தம்பி தூக்கம் கெடாமல், வெயில் இறங்கியபின் படியேறி சாமி கும்பிட்டுவிட்டு வரட்டும். அதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

பிறை_அக்கா:

எல்லோருக்கும் நன்றி. உப்பு விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உடனே எழுந்து போய்த் தம்பிக்கு ரசம் வைத்தார். பால்குடம் நான் எடுக்கிறேன். தம்பியிடமும் நேரடியாகக் கேட்டேன். அப்படி எண்ணம் இல்லை, கடன்தான் தூங்கவிடவில்லை என்றான். அடுத்த வாரம் ஏகேபிகே போகிறோம்.

ஆனால் அம்மா குழுவுக்கு வரமாட்டேன் என்கிறார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

ஃபெரி_பயணி:

கட்டாயப்படுத்த வேண்டாம் சகோதரி. என் அம்மா பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறார். உங்கள் அம்மா நினைப்பதையெல்லாம் அவரும் நினைத்தவர். போனில் பேசுகிறேன் என்று அவரே சொல்கிறார். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். இரவு எட்டு மணிக்குமேல் கூப்பிடச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் நாடகம் ஓடும்.