கல்யாணம் பண்ணிக்கொண்டு வீட்டைவிட்டுப் போகும் ஆசை போய்விட்டது. கல்யாணம் இல்லாமல் வெளியே போனவர்கள் இருக்கிறீர்களா?

பெரம்பூர்ப் பெண்:

எனக்கு 24 வயது. பெரம்பூரில் ஒரு போர்ஷனில் அப்பா, அம்மா, பிளஸ் டூ படிக்கும் தம்பி, நான். ஜெமினி பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலை. பிடித்தம் போகக் கையில் 17,000 வரும். 9,000 அம்மாவிடம் கொடுப்பேன், வாடகை அதிலிருந்துதான். 29சி பிங்க் பஸ் கிடைத்தால் டிக்கெட் செலவு இல்லை.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். கை சுத்தமான வேலைக்காரர் என்று இன்றைக்கும் பழைய ஆட்கள் சொல்வார்கள். வேலை போனதும் குடி கூடிவிட்டது. எங்களை அடித்ததில்லை. தட்டு பறக்கும், கதவு உடையும். அதைவிடக் கொடுமை அவர் பேசாமல் இருக்கும் நாட்கள்தான். குழம்பில் உப்பா, டி.வி. சத்தமா, தம்பியின் மார்க்கா, யாரோ போன் பண்ணியதா என்று நாங்கள் மூன்று பேரும் அடுப்படியில் கூடிக் கிசுகிசுத்துக் காரணம் தேடுவோம். கண்டுபிடித்து யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்கும் வரை வீட்டில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

அம்மா சேலைக்கு ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பார். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு மாத நாவல். ஓட்டேரியில் ஒரு வாடகை நூலகம் இருந்தது, அங்கிருந்து நாலைந்தாக எடுத்து வருவார். ஒன்பதாவது படிக்கும்போதே நானும் படிக்க ஆரம்பித்துவிட்டேன். அம்மா திட்டவில்லை. படித்து முடித்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் கதையைப் பேசுவோம். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் சிரித்த நேரம் அதுதான், அதனால் அந்தப் புத்தகங்களை இப்போதும் குறைத்துப் பேச மனம் வரவில்லை.

அந்தக் கதைகளில் கதாநாயகனுக்கு எப்போதும் கோபம் வரும். ஊட்டியில் எஸ்டேட், பெரிய கார், சிரிக்காத முகம். பாதிப் புத்தகம் வரைக்கும் அவளிடம் எரிந்து விழுவான், கையைப் பிடித்து முறுக்குவான், வாரக்கணக்கில் பேச மாட்டான். கடைசியில் பார்த்தால் முதல் நாளிலிருந்தே அவள் மேல் உயிராக இருந்திருப்பான். அவள் பொறுத்துக்கொண்டு காத்திருந்ததற்குப் பலன் கிடைத்துவிடும்.

தட்டு பறந்த ராத்திரிகளில் போர்வைக்குள் என் கதையை நானே ஓட்டுவேன். ஒருவன் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவான். திருவான்மியூர் தாண்டிக் கடலோரம் ஒரு வீடு, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் அறை, தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்க வேண்டாத சமையலறை. ஜன்னல் திரையின் நிறம்கூட எனக்குத் தெரியும். அவன் முகம் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. இதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

போன வருஷம் நிஜமாகவே ஒருவர் வந்தார். எங்கள் கட்டடத்திலேயே மருந்துக்கடையில் வேலை. குடிக்க மாட்டார், வீட்டுக்கு ஒழுங்காகப் பணம் கொடுப்பவர். டிசம்பர் மழையில் எனக்கு ரெயின்கோட் வாங்கி வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார். இந்தத் தை மாதமே ரெஜிஸ்டர் பண்ணிவிடலாம் என்கிறார். அம்மாவுக்கும் தெரியும். "நீயாவது தப்பிச்சுப் போடி" என்கிறார்.

ஒரு நாள் தம்பிக்குக் காய்ச்சல், அவர் போனை நான் எடுக்கவில்லை. மறுநாள் அவர் பேசவில்லை. டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். போன் எடுக்காததா, டெக்னீஷியனோடு சிரித்துப் பேசியதா, ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்று சொன்னதா என்று நான் மனதுக்குள் வரிசை போட ஆரம்பித்தேன். இதே வரிசையை எங்கள் அடுப்படியில் எத்தனை தடவை போட்டிருக்கிறேன் என்று உறைத்தபோது கை சில்லிட்டுப் போனது. அம்மாவிடம் சொன்னேன். "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து போர்வைக்குள் எந்தக் கதையும் ஓடுவதில்லை. கல்யாணம் என்று நினைத்தால் ஆசையும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நான் கல்லாகிவிட்டேனா என்று பயமாக இருக்கிறது. ஆனால் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் அந்த அறை மட்டும் இன்னும் வேண்டும். யாரையும் கட்டிக்கொள்ளாமல் ஹாஸ்டலுக்குப் போனால் அம்மாவும் தம்பியும் என்ன ஆவார்கள்? அந்த 9,000 என்ன ஆகும்? இப்படிப் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ராயபுரத்து அக்கா:

கல்லெல்லாம் ஒன்றும் ஆகவில்லை தங்கச்சி. தூங்குவதற்கு இத்தனை நாள் உனக்கு ஒரு கதை தேவைப்பட்டது. இப்போது சம்பளம் வருகிறது, பஸ் ஏறத் தெரிகிறது, உன் காலில் நிற்கிறாய். அது தானாக விட்டுப்போயிருக்கிறது. அந்த இடம் கொஞ்ச நாள் காலியாகத்தான் இருக்கும், அவசரப்பட்டு எதையும் கொண்டுவந்து அடைக்காதே.

நான் 21 வயதில் உன் வீடு மாதிரி ஒரு வீட்டிலிருந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் தங்கமானவர். இருந்தும் சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன். அவர் களைப்பில் பேசாமல் சாப்பிட்டால்கூட, என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டு அவரை வறுத்தெடுத்திருக்கிறேன். பாவம், அவருக்கு ஒன்றுமே புரியாது. அந்தப் பயம் இறங்க வருஷக்கணக்கானது. நல்ல மனுஷன் கிடைத்தும் இந்தப் பாடு. அதனால் சொல்கிறேன், முதலில் ஒரு வருஷமாவது உனக்கென்று ஒரு கட்டில், ஒரு பூட்டு, சத்தமில்லாத ராத்திரி. கல்யாணத்தை அதற்குப் பிறகு யோசி.

சூளைமேட்டுக்காரர்:

ஒரு பெண்ணுக்கு அப்பாவாகச் சொல்கிறேன் அம்மா. அந்தப் பையன் குடிக்கவில்லை, மழையில் வந்து நிற்கிறான், ரெஜிஸ்டர் பண்ணலாம் என்று நேராகக் கேட்கிறான். ஒரு நாள் முகத்தைத் திருப்பியதற்காக அவனை உங்கள் அப்பாவோடு சேர்த்து எடை போடுவது நியாயமா? கோபம் எல்லோருக்கும் வரும், உங்களுக்கும் வந்திருக்கும். உட்கார்ந்து பேசிப் பார்த்தீர்களா? பேசாமலேயே ஒருவரை விட்டுப்போவதும் அப்பா செய்கிற காரியம்தானே.

பெரம்பூர்ப் பெண்:

ஐயா, நீங்கள் கேட்டது சரிதான். பேசினேன். மறுவாரமே அவரோடு செம்மொழிப் பூங்காவில் உட்கார்ந்து, "நீங்க பேசாம இருந்தா எனக்கு வயித்தைக் கலக்குது, எங்க வீட்டுல அப்படி, கோபம்னா சொல்லித் திட்டிடுங்க" என்றேன். அப்பா விஷயம் முழுவதையும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கேட்டுக்கொண்டார். "நான் என்ன உங்கப்பா மாதிரி குடிக்கிறேனா? உரிமை இருக்கிற இடத்துலதான் கோபம் வரும். நான் கோபமா இருந்தா நீதான் வந்து சமாதானம் பண்ணணும், அதுதானே லவ்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், என் கையைப் பிடித்துக்கொண்டு. பதினேழு வயதில் இதைக் கேட்டிருந்தால் அந்த வரியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பேன். இப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவரைச் சமாதானம் பண்ணுவது என் வாழ்நாள் வேலையாகிவிடும். அதற்குப் பிறகும் இரண்டு தடவை அதே மௌனம். ஒரு தடவை, நான் சிரித்ததற்கு.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் அம்மாவும் நானும் ரசித்துப் படித்த கதாநாயகன் அப்படியே அச்சு அசலாக வந்து நிற்கிறார். எனக்குத்தான் அவன் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

வேளச்சேரி:

நான் சமூகநலத் துறையில் சில வருஷம் ஒப்பந்தத்தில் இருந்தவள். ஹாஸ்டல் கேள்விக்கு வருகிறேன்.

தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் வேலைக்குப் போகும் பெண்களுக்கானவை. அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கின்றன, ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அடையாறு வசதி. இப்போது ஏறும் அதே 29சி தான், ஜெமினிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவீர்கள், அவ்வளவுதான். இடம் இல்லை என்று சொன்னால் காத்திருப்பில் பெயர் கொடுங்கள். தனியார் ஹாஸ்டல் என்றால் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிகள் மாவட்ட நிர்வாகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று. அடித்தால்தான் வன்முறை என்று நினைக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனதை வதைப்பது, வாயால் இழிவுபடுத்துவது, பணத்தைப் பிடுங்குவது எல்லாம் சேரும். மனைவி மட்டும் இல்லை, ஒரே வீட்டில் வாழும் மகளும் இந்தச் சட்டத்தில் போகலாம். ஒவ்வொரு மாவட்டச் சமூகநல அலுவலகத்திலும் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். உடனே வழக்குப் போடச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணை மனப்பாடம் செய்து கொடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நீங்கள் வீட்டில் இல்லாத ராத்திரி அவருக்கு அது வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறதா? வந்தால் அந்த ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

வடசென்னை தம்பி:

அக்கா, உங்கள் தம்பி இடத்தில் இருந்தவன் நான். எங்கள் வீட்டிலும் அப்பா குடி, என் அக்கா நான் பிளஸ் டூ படிக்கும்போது ஹாஸ்டலுக்குப் போய்விட்டார். முதலில் எனக்கு அவ்வளவு கோபம். ஆனால் போகும்போது அவர் செய்த ஒரு விஷயம் என்னைக் காப்பாற்றியது. எங்கே போகிறார், எந்தக் கிழமை வருவார், பரீட்சைப் பணம் யார் கட்டுவார் என்று எல்லாவற்றையும் என்னிடம் உட்கார்ந்து சொன்னார். அம்மாவிடம் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள், தம்பியிடமும் சொல்லுங்கள்.

சாயங்காலம் அவன் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது, எனக்குத் தெரியும். கொளத்தூர் அகரத்தில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, 2024 நவம்பரில் திறந்தார்கள். உட்கார்ந்து படிக்க ஏ.சி. ஹால், மாணவர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. பெரம்பூரிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம்.

அப்பா விஷயத்தில், அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் குடிநோய்க்கு சிகிச்சை தருகிறது. அங்கே குடிப்பவருக்கு மட்டுமில்லை, குடும்பத்துக்கும் தனியாக ஆலோசனை உண்டு. அப்பா வர மறுத்தாலும் குடும்பத்தினர் மட்டும் போய்ப் பேசலாம். எங்கள் அம்மா போனார். அப்பா இன்னும் குடிக்கிறார். ஆனால் அவர் பேசாமல் இருந்தால் அம்மா இப்போது சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறார். காரணம் தேடுவதை விட்டுவிட்டார்.

பெரம்பூர்ப் பெண்:

தம்பி, கடைசி வரியைப் பத்து தடவை படித்துவிட்டேன். அம்மாவிடம் போனைக் கொடுத்தும் படிக்க வைத்தேன்.

மருந்துக்கடைக்காரரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். ரெயின்கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. "இன்னொருத்தன் வந்துட்டானா" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. நம்ப வைக்க நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச்சில் தம்பிக்குப் பரீட்சை. அதுவரை வீட்டில்தான் இருப்பேன், அவனைத் தனியாக விட்டுப் போனால் எனக்குத் தூக்கம் வராது. ஏப்ரலில் ஹாஸ்டல். அம்மாவுக்கு 9,000 முடியாது, 6,000 தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். பக்கத்துத் தெரு தையல் கடையில் பிளவுஸ் வேலையும் எடுப்பதாகச் சொன்னார். அந்த ஏ.டி.எம். கார்டு அப்பாவிடம்தான் இருந்தது. வாங்கித் தம்பியின் புத்தகப் பையில் வைத்திருக்கிறோம். "கல்யாணமாகாத பொண்ணு ஹாஸ்டல்ல இருந்தா ஊர் என்ன பேசும்" என்று மட்டும் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை அடையாறு விடுதியைப் பார்க்கப் போகிறேன். நானும் வரட்டுமா என்றார்.

ராயபுரத்து அக்கா:

கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போ. வாசலோடு திருப்பி அனுப்பாதே, வார்டனைக் கேட்டுவிட்டு அறை, கட்டில், குளியலறை எல்லாம் காட்டு. அங்கே இருக்கிற ஒன்றிரண்டு பெண்களோடு அம்மாவே பேசட்டும், எந்த ஊர், என்ன வேலை என்று. ஊர் பேச்சுக்கு அவர்கள் சொல்லும் பதில் நீயும் நானும் சொல்வதைவிட அவருக்கு நன்றாக ஏறும். போய்விட்டு வந்து இங்கே எழுது, அந்த விடுதியைப் பற்றி வேறு பெண்களும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.